வாத்தியாரு வகுப்புக்குப் போறாரு

வாய்யா வாத்தியாரே, குந்து. அந்தப் பக்கம் வேணாம், இப்பத்தான் கோழி மேஞ்சுது, உன் மடி கெட்டுப்பூடும். இப்படித் துண்டை விரிச்சிக் குந்து. பையைக் கீழ வைக்காதே, உள்ள சாத்திரம் கீது. என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கலாமா கூடாதான்னு நோட்டைப் பொரட்டிப் பாத்துச் சொல்லு, அப்பாலே மொண்டாறேன்.

கோவிச்சுக்காதே. இது கட்டியக்காரன் வாயி. ஆயுசு பூரா உனக்கு முன்னாடி களரியில பூந்து, தூங்கற ஜனத்தை எழுப்பிச் சிரிக்க வச்சி, அப்பாலே உன்னைத் திரைக்குப் பின்னாலேருந்து இட்டாந்தவன் நானு. கூத்துல ராஜாவை நக்கல் பண்ற உத்தியோகம் ஒருத்தனுக்குத்தான் உண்டு. மந்திரி பேசினா தலை பூடும், தம்பி பேசினா துரோகம், பொண்டாட்டி பேசினா சாபம். கட்டியக்காரன் பேசினா மட்டும் ராஜா மீசையைத் தடவிக்கினு நின்னு கேக்கணும். நீ கிரீடத்தை எறக்கி வச்சிட்டே. நான் குல்லாவை இன்னும் எறக்கலை.

மொதல்ல நல்ல வார்த்தையைச் சொல்லிடறேன், அப்பாலே மறந்துபூடுவேன். நீ சைவ சித்தாந்த வகுப்புக்குப் போறது ரொம்ப நல்ல காரியம். முட்டி தேஞ்சிபோச்சி, கட்டை வேஷம் கட்டிச் சுத்தி ஆட முடியலை. உன் வயசுக்காரனுங்க இன்னா பண்றானுங்க? டீக்கடையில குந்தி, செத்தவன் கணக்கும் சாகப்போறவன் கணக்கும் பாக்கறானுங்க. இல்லாட்டி பத்திரத்தை எடுத்துக்கினு மவன் மேல கேஸ் போடறானுங்க. நீ ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள குளிச்சி, விபூதியைப் பட்டையா அடிச்சிக்கினு, செய்யாறு பஸ்ஸைப் புடிக்க ஓடறே. அதுலயும் அந்தப் பை! நோட்டு மூணு, பேனா மூணு கலரு, ஸ்கேலு வேற. மாவட்டத்துல நம்ம ஆளுங்களுக்கு அரசாங்கம் குடுக்கற விருதுல, 18 வயசு வரைக்கும் கீறவனுக்குக் கலை இளமணி, 66 ஆனவனுக்குக் கலை முதுமணி. முதுமணி வாங்கற வயசுல இளமணி பென்சில் டப்பாவைத் தூக்கிக்கினு போன மொத ஆளு நம்ம ஊருல நீதான்.

வயசைச் சொல்லி நக்கல் பண்ணமாட்டேன், பயப்படாதே. அதுக்கு உங்க சாத்திரத்துலயே பதில் கீது. அன்னிக்கு உன்கூட வந்து கடேசி பெஞ்சில குந்தினேனே, தூங்கிட்டேன்னு நெனைச்சியா? கண்ணுதான் மூடியிருந்திச்சி. அருள்நந்தி சிவாச்சாரியாரு கதையைச் சொன்னாரு உங்க வாத்தியாரு. சகலாகம பண்டிதருன்னு பேரு எடுத்தவரு. மெய்கண்டாரு குடும்பத்துக்கே குலகுரு. திருவெண்ணெய்நல்லூருல மெய்கண்டாருங்கற அந்தக் குடும்பத்துப் புள்ளை, பால் மணம் மாறாத வயசுல பாடம் சொல்லுது, நம்ம சிஷ்யனுங்களே அங்க போய்க் குந்திக்கினு கீறானுங்கன்னு கேட்டதும் கெழவருக்குப் பத்திக்கினு வந்திச்சி. நேராப் போனாரு. அன்னிக்கு அங்க ஆணவ மலத்தைப் பத்திப் பாடம். இவரு குந்தக்கூட இல்லை, நின்ன மேனிக்கே 'ஆணவத்தோட சொரூபம் இன்னா?'ன்னு ஒரு கேள்வியைப் போட்டாரு. புள்ளை வாயைத் தொறக்கலை. அவரை ஏற எறங்க ஒருவாட்டி பாத்துச்சின்னு சொல்றாங்க, விரலை நீட்டி அவரையே காட்டிச்சின்னும் சொல்றாங்க. எதுவானா இன்னா, கெழவருக்குப் புரிஞ்சிபோச்சி. தடால்னு காலுல வுழுந்தாரு. அந்தப் புள்ளைக்கே சிஷ்யனா ஆகி, அப்பாலே சிவஞான சித்தியாருன்னு பெரிய நூலு எழுதினாரு. புள்ளை எழுதின சிவஞானபோதம் 12 சூத்திரந்தான்.

எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துபோச்சி. இப்பேர்ப்பட்ட ஒரு கட்டம் நம்ம கூத்துல இல்லாமப் போச்சேன்னு வயிறு எரிஞ்சிது. ஒரு வார்த்தை பேசாம எதிராளியை மண்ணுல வுழ வைக்கணும்னா எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன் வேணும்! சரி, நம்ம ஆளு இன்னா ஆனான்னு திரும்பிப் பாத்தேன். நீ ஸ்கேலை வச்சிக் கோடு போட்டுக்கினு இருந்தே. செவப்பு இங்கியில 'ஆணவ மலத்தின் இலக்கணம்'னு தலைப்பு. கீழ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நீல இங்கி. கெழவரு வுழுந்த சத்தமே உனக்குக் கேக்கலை. எழுந்து 'ஐயா, இந்த ஆளையும் ஒருவாட்டி ஏற எறங்கப் பாருங்க'ன்னு சொல்லியிருப்பேன். பஸ் துட்டு நீ குடுத்திருந்தே, வாயை மூடிக்கினேன்.

உன் சம்சாரம் நேத்து வந்து இதே எடத்துல குந்தி மூக்கைச் சிந்திட்டுப் போச்சி. கருவாட்டுச் சட்டியைத் தூக்கித் தெருவுல வீசினியாமே? நாலு மணிக்கு எழுந்து செல்போனுல பாட்டு வச்சி தெருவையே எழுப்பறியாமே? எத்தினி வருஷம் நீ ராவெல்லாம் துரியோதனனா உறுமிட்டு விடிஞ்சி வந்து படுத்தே! அந்தம்மா பகல் பூரா புள்ளைங்க வாயைப் பொத்தி உன்னைத் தூங்க வச்சிது. இப்பத்தான் மனுசன் தூங்கற நேரத்துல தூங்கற பாக்கியம் அந்த வூட்டுக்கு வந்திச்சி, அதையும் கெடுத்துட்டே. அறுக்க வேண்டிய கட்டு ஆணவம், கன்மம், மாயைன்னு மூணுன்னு உங்க வாத்தியாரு விரலு வுட்டு எண்ணினாரு. அதுல கருவாட்டுச் சட்டி எதுல வருதுன்னு அடுத்த வகுப்புல கேட்டுக்கினு வா. நானும் தெரிஞ்சிக்கணும், என் வூட்டுலயும் ஒரு சட்டி கீது.

வூட்டுச் சங்கதி கெடக்கட்டும். அது உன் சம்சாரம் பாத்துக்கும், அது பாக்காத துரியோதனனா? என் நெஞ்சுல தைச்சது வேற. போன பௌர்ணமிக்கு அண்ணாமலை போயி 14 கிலோமீட்டரு கிரிவலம் நடந்துட்டு வந்தியே. ஆடறதுக்குத் தேஞ்ச முட்டி நடக்கறதுக்கு எப்படி வந்திச்சின்னு நான் கேக்கலை, அதை ஆஸ்பத்திரியில கேப்பாங்க. வந்ததும் கோயிலாண்ட நம்ம பசங்களைப் பாத்து, 'வேஷம் கட்டியே ஆயுசை வீணாக்கிட்டேன்டா, கூத்தெல்லாம் மாயை'ன்னு சொன்னே. ஆர்மோனியத்தை மூட்டை கட்டிக்கினு இருந்தவன் அப்படியே நின்னுட்டான். திரௌபதி வேஷம் கட்டற பையன் மூஞ்சி இத்தினூண்டு ஆயிடுச்சி. உன் வாயிலேருந்து ஒரு 'நல்லா பண்ணடா' வராதான்னு எத்தினி ராவு காத்துக்கினு கெடந்த பசங்க அவனுங்க!

சரி, மாயைன்னே வச்சிக்கலாம். உங்க பாடத்துல மாயைன்னா இன்னா சொன்னாங்க? பொய்யின்னா சொன்னாங்க? கடேசி பெஞ்சுக்காரன் சொல்றேன் கேளு. ஆணவம் இருட்டு. அந்த இருட்டுல உசுரு தன்னையும் தெரியாம, சாமியையும் தெரியாம முழிக்குது. அதுக்கு ஒரு ஒடம்பு, கண்ணு, காது, உலகம் எல்லாம் மாயையிலேருந்துதான் செஞ்சி குடுக்கறாரு சாமி. பொழுது விடியற வரைக்கும் எரியற வெளக்கு அது. விடிஞ்சா தேவையில்லை, ஆனா விடியறதுக்கு முன்னாடி அதை அணைச்சவன் கெணத்துலதான் வுழுவான். இதை உங்க வாத்தியாரு எவ்வளவு அழகா சொன்னாரு! கேட்டதும் எனக்கு இன்னா ஞாபகம் வந்திச்சி தெரியுமா? நம்ம களரியில பந்தக்காலுல தொங்கின பெட்ரோமாக்சு. ராவு பத்து மணிக்கு ஏத்தினா கோழி கூவற வரைக்கும் அதுங்கீழ பாரதம் நடந்துது. அப்ப கூத்தெல்லாம் மாயைன்னு நீ சொன்னது உங்க சாத்திரப்படி ரொம்ப சரி. நீ வஞ்சிட்டதா நெனைச்சிக்கினு அதைப் புகழ்ந்திருக்கே. பரீட்சையில இந்தக் கேள்வி வந்தா நீ பெயிலு, நான் பாஸு.

வீணாப்போச்சின்னியே, எது வீணாப்போச்சி, சொல்லு. அம்மன் கோயில்ல கொடியேறி காப்பு கட்டினா, பகல்ல பிரசங்கியாரு வில்லிபாரதத்தை விரிச்சிக்கினு குந்துவாரு. ராவுக்கு நாம. காதால கேட்ட ஜனம் கண்ணால பாத்தாத்தான் நெஞ்சு ஆறும். பதினெட்டாம் போருக்கு மறுநா காலையில படுகளம். மண்ணால பண்ண துரியோதனன், தலைக்கும் காலுக்கும் நடந்துதான் போவணும், அவ்வளவு நீளம் படுத்துக் கெடப்பான். நீ வேஷத்தோட வெயில்ல ஓடுவே, பீமன் தொரத்துவான். தொடையில அடி வுழுந்து நீ சாய்ஞ்சதும் ஒப்பாரி எழும்பும். ஒரு அக்கிரமக்காரன் செத்ததுக்குக்கூட அழற ஜனத்தை நீ வேற எங்க பாத்தே? சாயங்காலம் அதே ஜனம் மஞ்சத்துணி கட்டிக்கினு தீ மிதிக்கும். விரதம், கதை, ஆட்டம், அழுகை, நெருப்பு, எல்லாம் ஒரே களத்துல. உங்க வகுப்புல சரியை, கிரியை, யோகம், ஞானம்னு நாலு படி சொல்றாங்களே, எந்தப் படியிலயோ ஒண்ணுல நம்ம களமும் இருக்கும். தேடிப் பாத்து நீல இங்கியில எழுதிக்கோ.

உன் தபசை நான் மறக்கமாட்டேன்யா. நீ மறந்துட்டே. இன்னும் உனக்கு மீசை சரியா மொளைக்காத காலம். பனை மரத்தைச் சீவி நட்டு, படி அடிச்சி, உச்சியில பலகை கட்டி வச்சிருந்தாங்க. அர்ச்சுனன் தபசு. படிக்கு ஒரு பாட்டா பாடிக்கினு ஏறினே. கீழ முகவீணைக்காரன் அண்ணாந்து பாத்து ஊதி ஊதிக் கழுத்து வலிச்சி வுட்டுட்டான், நீ வுடலை. மரத்தைச் சுத்தி ஈரச் சீலையோட புள்ளையில்லாத பொம்பளைங்க மடியேந்திக்கினு நின்னாங்க. கெழக்கே வெளுக்கற நேரம், மேலேருந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் பூவும் அள்ளிப் போட்டே. அப்ப நீ எதையும் நெனைக்கலை. கீழ வுழுந்தா செத்துபூடுவோம்னுகூட நெனைக்கலை. ஏறும்போது ஒரு மூஞ்சியா இருந்திச்சி, எறங்கும்போது வேற மூஞ்சி. நான்தான் தோளு குடுத்து எறக்கினேன், ரொம்ப நேரம் யாரு கேட்டதுக்கும் நீ பேசலை. அந்த மௌனத்தைத் தேடிக்கினு இப்ப மாசா மாசம் பஸ் ஏறறே. போ, வேணாங்கலை. ஆனா நீ அதை ஏற்கெனவே ஒருவாட்டி பாத்துட்டு வந்தவன்.

அந்த மரத்து மேல யாரை நெனைச்சிப் பாடினே? சிவனைத்தானே? பாசுபதம் கேட்டுத்தானே? அவரு எப்படி வந்தாரு? ரிஷபத்து மேலயா வந்தாரு? வேடன் வேஷம் கட்டிக்கினு, நாயை இட்டுக்கினு வந்து, செத்த பன்னிக்காவ சண்டை போட்டாரு. அர்ச்சுனன் வில்லாலயே அவரை அடிச்சான். அந்த அடி உலகத்துல கீற எல்லா உசுரு மேலயும் வுழுந்துதுன்னு பாரதத்துல வருது. வேற உசுருங்களுக்கு எப்படியோ, அன்னிக்கு அந்த வேடன் வேஷம் கட்டினவன் நானு. நீ நெஜமாவே போட்டே, முதுகுல இன்னும் தழும்பு கீது. சாமியே வேஷம் கட்டிக்கினு வர்ற சமயத்துல போய்ச் சேந்துட்டு, வேஷம் கட்டினதுக்காவ வருத்தப்படற ஆளு நீ ஒருத்தன்தான்.

இன்னொண்ணு கேளு. களரியில நான் உன்னைக் கேட்ட மொத கேள்வி எது? திரைக்குப் பின்னால நீ விருத்தம் பாடி முடிச்சதும், 'ஐயா, தாங்கள் யாரோ?'ன்னு கேப்பேன். ராவுக்கு ஒரு பதில் சொல்லுவே. அத்தினாபுரத்துக்கு அதிபதின்னே. அங்க தேசத்துக்கு ராஜான்னே. கீசகன்னே. எட்டுத் திக்கும் நடுங்கும்னே. நான் 'அப்படியா சாமி, வூட்டு வாடகை குடுத்தாச்சா?'ன்னுவேன், ஜனம் சிரிக்கும். விடிஞ்சா அத்தினாபுரமும் அங்க தேசமும் தேங்காயெண்ணெயில கரைஞ்சி துணியில வந்துடும். அண்ணாமலையில ரமணரு 1896ல வந்து குந்தினாரு, 16 வயசு. 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளைன்னு ஒரு ரெவின்யூ உத்தியோகஸ்தரு போயி கேட்ட மொத கேள்வி, நான் உன்னைக் கேட்டதேதான், தன்னையே கேட்டுக்கினாரு, அவ்வளவுதான் வித்தியாசம். ரமணரு அப்ப பேசறதில்லை, எழுதிக் காட்டினாரு. அதுதான் பின்னால 'நான் யார்?'னு புத்தகமா வந்திச்சி. நீ அதை முப்பது ரூபாயோ இன்னாவோ குடுத்து வாங்கி, அட்டை போட்டு வச்சிருக்கே. நான் ராவு ராவா சும்மாவே கேட்டேன், ஒருவாட்டியாவது யோசிச்சிப் பாத்தியா?

பதில் எனக்குத் தெரியும்னு சொல்லலை. நான் கேக்கறதுக்கு மட்டும் தாம்பூலம் வாங்கினவன். ஆனா கேக்க வேண்டிய நேரத்துல கேக்காம வுட்டுட்டேனேன்னு இப்பத் தோணுது. ஆட்டம் முடிஞ்சி கொட்டாயி பின்னால அரிதாரம் கழுவிட்டுக் குந்துவே பாரு. கண்ணு செவந்து, காதோரம் மட்டும் முத்துவெள்ளை ஒட்டிக்கினு இருக்கும். துரியோதனன் பூட்டான், வூட்டுக்காரன் இன்னும் வரலை. துட்டு பிரிக்கக் கூப்புடற வரைக்கும் நீ யாராவும் இல்லாம பீடியைப் பத்த வச்சிக்கினு சும்மா குந்திக்கினு இருப்பே. அதைப் போயி வகுப்புல சொல்லு. நோட்டை மூடிட்டு சொல்லு. உங்க வாத்தியாரு நல்ல மனுசனாத் தெரியுது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கினு கேப்பாரு.

இப்ப அந்தப் பைக்கு வரேன். சும்மா பிரிச்சிப் பாக்கமாட்டேன், கட்டிப்புடிச்சிக்காதே. நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு அறுபத்துமூவருல கீறாரு, திருக்கோவிலூரு மெய்ப்பொருள் நாயனாரு. விபூதியும் சடையுமா ஒருத்தன் வந்தா, அவன் யாரு எவருன்னு கேக்காம கும்புடற ராஜா. சண்டையில அவரை ஜெயிக்க முடியாத முத்தநாதன் இன்னா பண்ணான்? விபூதி பூசிக்கினு, சடை முடிச்சிக்கினு, சுவடிக் கட்டுக்குள்ள கத்தியைச் சொருகிக்கினு வந்தான். யாரும் படிக்காத ஆகமம் கொண்டாந்திருக்கேன்னான். ராஜா அவனை ஒசக்கக் குந்த வச்சி, தான் தரையில குந்தி, தலையைக் குனிஞ்சாரு. குத்திட்டான். காவக்காரன் தத்தன் வாளை உருவினா, 'நம்ம ஆளு, வுட்டுடு'ன்னு தடுத்து, ஊரு எல்லை வரைக்கும் பத்திரமா கொண்டுபோயி வுட்டுட்டு வரச்சொல்லி, அந்த சேதி வர்ற வரைக்கும் உசுரைப் புடிச்சிக்கினு இருந்தாரு.

இந்தக் கதையை நீ பாதி ஒத்துக்கலாம். கட்டினவன் கள்ளனா இருந்தாலும் வேஷத்துக்கு மரியாதை உண்டுன்னு சொன்ன சமயம் இது. அப்ப கள்ளமே இல்லாம அம்மன் சந்நிதியில கட்டின உன் வேஷத்தைக் கேவலம்னு சொல்ல நீ யாரு? மீதி பாதி உன்னால ஒத்துக்க முடியாது. சுவடிக்குள்ள கத்தி வச்சிருந்தவன் யாருன்னு கேட்டா உனக்குக் கோவம் வரும். மிருதங்கக்காரன் அப்பனுக்குத் திதி குடுத்துட்டு வந்து நின்னப்போ, 'அதெல்லாம் கன்மம், அனுபவிச்சித்தான் தீரணும்'னியே, அது எந்த நோட்டுலேருந்து எடுத்தே? குடிச்சிட்டு ஆடவந்த பையனை 'நீ பக்குவமில்லாத ஆன்மா'ன்னியே. முன்னெல்லாம் ஒரு அறை குடுப்பே, அப்பாலே மோர் குடுப்பே. அந்த அறையில ஒரு ஒட்டுறவு இருந்திச்சிய்யா. குத்துப்பட்டவனுங்க இன்னும் உன்னை 'நம்ம வாத்தியாரு'ன்னுதான் சொல்றானுங்க. அதனாலதான் நீ ஊருக்குள்ள பத்திரமா நடமாடிக்கினு கீற.

சர்டிபிகேட் குடுப்பாங்களாமே கடேசியில? ஒரு நாளு தவறினாலும் பூடும்னு அக்கா பேத்தி மஞ்சத்தண்ணிக்குக்கூடப் போகலையாமே நீ? கர்ண மோட்சத்துல நீ எத்தினிவாட்டி செத்திருப்பே! தேருக்கால்ல சாய்ஞ்சிக்கினு, செஞ்ச தர்மத்தோட பலன் அத்தனையும் கெழ பார்ப்பான் வேஷத்துல வந்த கிருஷ்ணனுக்குத் தாரை வார்த்துக் குடுப்பே. ஒண்ணுகூட கையில வச்சிக்காம அவன் போனான். நீ வருகைப் பதிவேட்டுல கையெழுத்து சேக்கறே. திருமூலரு வருஷத்துக்கு ஒரு பாட்டுன்னு மூவாயிரம் வருஷம் பாடினாருன்னு கதை. அவரை ஒரே மத்தியானத்துல மூணு மந்திரம் முடிச்சிட்டு 'அடுத்தது இன்னா சார்?'னு நீ கேட்டதை நானே பாத்தேன். அவரு மாட்டுக்கார மூலன் ஒடம்புல பூந்தவரு. அவசரம் அவசரமா வூட்டுக்கு ஓட்டிக்கினு போனா மாடு மேயாதுன்னு அவருக்குத் தெரியும்.

1977ல ந. முத்துசாமி மெட்ராசுல கூத்துப்பட்டறை ஆரம்பிச்சாரு. அந்த ஆளுங்களுக்கு அடவு சொல்லிக் குடுத்தவரு தோ, நம்ம பக்கத்துப் புரிசை கண்ணப்பத் தம்பிரான். படிச்சவங்க, பேண்ட் சட்டை போட்டவங்க, தாளம் தட்டிக்கினு நின்னாங்க. அவங்களைப் பாத்து தம்பிரான் 'நான் படிக்காம வீணாப்போயிட்டேன்'னு சொன்னதா நான் கேள்விப்படலை. கத்துக்குடுக்கறவன் மேடு, கத்துக்கறவன் பள்ளம்னு இல்லைய்யா. நீ ஞாயித்துக்கிழமை காலையில கத்துக்கறவன். சாயங்கால பஸ்ஸுல எறங்கினதும் கத்துக்குடுக்கறவன். அதை மறந்துட்டுத்தான் நேரா வூட்டுக்குப் போயி கதவைச் சாத்திக்கறே.

விஷயம் இன்னான்னா, நேத்து கோயில்காரங்க வந்து தாம்பூலம் வச்சிட்டாங்க. முன்பணமும் என் மடியில கீது. தபசு மரம் ஏறறதுக்குப் பையன் தயாரு. அணிலைத் தோக்கடிப்பான், ஏறறதுல பயமே கெடையாது. பாட்டுத்தான் இல்லை. எவனோ செல்போனுல புடிச்சதை வச்சிப் படிக்கறான், அதுல நடுப்பாட்டெல்லாம் வாண வெடிச் சத்தத்துல போயிடுச்சி. பாதி மரத்துல நின்னுக்கினு சினிமாப் பாட்டா பாடுவான்? முழுப் பாட்டும் உன் டிரங்குப் பொட்டியில, உங்க அப்பன் கையெழுத்துல கீது. நீ யாருக்கும் காட்டினதில்லை. எனக்கே காட்டினதில்லை. கத்துக்கறேன் கத்துக்கறேன்னு மூணு கலர் பேனா வாங்கினியே, அதுல ஒண்ணை எடுத்து அந்தப் பாட்டையெல்லாம் ஒரு நகல் எழுதிக் குடு. எழுதும்போது அர்த்தத்தையும் பாரு. இப்பத்தான் உனக்கு அதெல்லாம் புரியற காலம் வந்திருக்குது. பையனுக்கு ராகம் சொல்லிக் குடுக்கறப்போ, பதி பசுன்னு அவனைப் பயமுறுத்தாதே. சிவன் வருவாருன்னு மட்டும் சொல்லு, ஏறிடுவான்.

உனக்கும் ஒரு வேஷம் ஒதுக்கி வச்சிருக்கேன். துரியோதனன் வேணாம், முட்டி தாங்காது. கட்டை வேஷமே வேணாம். துகிலுரிதல் அன்னிக்கு நீதான் தர்மரு. ஆட்டமில்லை, அடவு இல்லை. பகடையில தோத்துட்டு, கண்ணெதிர நடக்கறதைப் பாத்துக்கினு, தலையைக் குனிஞ்சிக் குந்தியிருக்கணும். பீமன் கத்துவான், திரௌபதி கேள்வி கேப்பா, நான்கூட வந்து 'இன்னா தர்மரே, சாத்திரத்துல இதுக்கு இன்னா போட்டிருக்குது?'ன்னு கிண்டுவேன். நீ வாயைத் தொறக்கக்கூடாது. விடியற வரைக்கும் ஒரு வார்த்தை வரக்கூடாது. உன்னால ஆகுமான்னு யோசிச்சி ராத்திரிக்குள்ள சொல்லு. ஆகலைன்னா ஆர்மோனியக்காரன் மச்சான் ஒருத்தன் கீறான், திக்குவாயி, அவனைப் போட்டுக்கறேன்.